சம்பளம் வாங்காத தலைவர்: லிம் கிம் சானும் நாம் குடியிருக்கும் வீடுகளும்

பொன்விழா மலருக்காக நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேடுகளை எடுத்துத் தூசு தட்டிப் பார்த்தபோது ஒரு சங்கதி நம் கண்ணில் பட்டது. முதல் பதிவேட்டின் முகவரிப் பத்தியில் பெரும்பாலும் கடைப் பெயர்களும் தெருப் பெயர்களுமே இருக்கின்றன. இன்ன கடையின் மேல்மாடி, இன்ன கிட்டங்கி, இன்னார் மூலம் என்று எழுதியிருக்கிறார்கள். பின்னர் அதே பெயர்களுக்கு நேரே பழைய முகவரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வேறு மையில் புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் சேர்த்திருக்கிறார்கள். இப்போதைய பதிவேட்டில் புளோக் எண் இல்லாத முகவரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் சங்கத்தின் முன்னோடிகளைப் பற்றிய கட்டுரைகள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டதோ நம் சமூகத்தைச் சேராத ஒரு சீனப் பெருமகனாரைப் பற்றி. "நம் மலரில் இவர் எதற்கு?" என்று மலர்க் குழுவில் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பதிவேட்டு முகவரிகளை மாற்றிய பெரும் வேலையைத் தொடங்கி நடத்தியவர் அவர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைவர் லிம் கிம் சான். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை.

முதலில் பழைய நிலைமையைச் சொல்லவேண்டும். சிங்கப்பூருக்கு வந்த நம் முன்னோர்களில் ஆண்கள் பெரும்பாலும் தனியாகவே வந்தவர்கள். மார்க்கெட் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் பக்கம் கடை வைத்திருந்தவர்கள் கடையிலேயே படுத்தார்கள். துறைமுக வேலைக்குப் போனவர்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடைவீட்டு மாடிகளில் ஒட்டிக்கொண்டார்கள். கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய், சுவரில் ஓர் ஆணி, அவ்வளவுதான் சொத்து. போர் முடிந்த பிறகு கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் பெண்மக்களையும் பிள்ளைகளையும் அழைத்து வந்து குடும்பமாக வாழத் தொடங்கினார்கள். அப்போதுதான் நெருக்கடி முற்றியது. மரப் பலகையால் தடுத்த சின்னஞ்சிறு அறையில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே அடுப்படி, ஒரே தண்ணீர்க் குழாய், வாளி வைத்த ஒரே கழிப்பிடம். கோஷா காத்த பெண்கள் அந்த ஒற்றைக் குழாயடியில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாதியைச் சொல்வார்கள், மீதியைச் சொல்லமாட்டார்கள்.

இது நம் மக்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. 1950களின் இறுதியில் சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 16 லட்சம். அவர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நகரின் இடிந்த, நெரிசலான கட்டடங்களில் இருந்தார்கள். நகரைச் சுற்றி அத்தாப்பும் பலகையும் தகரமும் கொண்டு எழுப்பிய புறம்போக்குக் குடியிருப்புகளில் இன்னும் மூன்று லட்சம் பேர்வரை இருந்ததாகக் கணக்கு. ஆங்கிலேயர் 1927இல் ஏற்படுத்திய எஸ்ஐடி என்னும் அமைப்பு வீடு கட்டவில்லை என்று சொல்லமுடியாது. தியோங் பாருவில் இன்றும் நிற்கும் அழகான கட்டடங்கள் அவர்கள் கட்டியவைதாம். ஆனால் 32 ஆண்டுகளில் அவர்கள் கட்டிய வீடுகள் மொத்தம் ஏறத்தாழ 23,000. பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கே அது போதாது. வாடகையும் ஏழைத் தொழிலாளிக்கு எட்டும்படி இல்லை.

இந்த நிலைமையைத் தெருத்தெருவாக ஆய்வு செய்து எழுதியவர்களில் ஒருவர், அப்போது சமூகநலத் துறையில் வேலை பார்த்த கோ கெங் சுவீ. 1953, 54ஆம் ஆண்டுகளில் நகர மக்களின் வருமானத்தையும் வீட்டு வசதியையும் அவர் ஆராய்ந்தார். பின்னாளில் நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் ஆனவர் அவர்தான். லிம் கிம் சானும் இவரும் ராஃபிள்ஸ் கல்லூரிக் கால நண்பர்கள்.

லிம் கிம் சான் 1916ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். வியாபாரக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். ஆங்கிலோ சீனப் பள்ளியில் படித்துவிட்டு ராஃபிள்ஸ் கல்லூரியில் சேர்ந்து, பொருளியல் பயின்று 1939இல் தேர்ச்சி பெற்றார். அக்கல்லூரி அந்நாளில் பட்டம் தரவில்லை, டிப்ளோமாதான் தந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

படிப்பு முடிந்ததும் வியாபாரத்தில் இறங்கினார். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, ஜப்பானியர் வந்துவிட்டார்கள். ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்துச் சித்திரவதை செய்தது. உயிர் பிழைத்து வந்தார். போருக்குப் பின் ஜவ்வரிசித் தொழிலில் அவர் செய்தது வியாபாரிகள் கவனிக்கவேண்டிய காரியம். ஜவ்வரிசி முத்துகளை மலிவாகவும் பெருமளவிலும் உருட்டித் தரும் ஓர் இயந்திரத்தை உருவாக்கி, முப்பது வயதுகளின் நடுவிலேயே பத்து லட்சம் வெள்ளிக்கு அதிபதியானார். பிறகு வங்கிகளின் இயக்குநராகவும் இருந்தார். அவருக்குச் சிற்பக் கலை தெரியாது, பொறியியல் தெரியாது. ஒரு பொருளை ஒரே அளவில், நிறைய, விரைவாக, குறைந்த செலவில் எப்படிச் செய்வது என்பது தெரியும். நாட்டுக்கு அப்போது தேவைப்பட்டதும் அந்த அறிவுதான் என்பது நம் கருத்து.

1959இல் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் எஸ்ஐடியின் இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. லிம் கிம் சான் அதன் தலைவரானார். முதல் மூன்று ஆண்டுகள் அவர் அப்பொறுப்புக்குச் சம்பளம் வாங்கவில்லை. வாரத்தில் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் கௌரவப் பதவியாகவும் அதை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்துக்கு வந்து முழு வேலையும் பார்த்தார். நம் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் சங்கங்களிலும் ஊதியமின்றி உழைப்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும். கடையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை உட்காரவைத்துவிட்டு ஊர் வேலைக்குப் போகும் வியாபாரிக்கு நட்டம் எவ்வளவு என்பதும் தெரியும்.

பொறுப்பேற்ற காலத்தில் சைனாடவுனின் கடைவீடுகளுக்குள் அவர் நேரில் போய்ப் பார்த்தார். அங்கே கண்ட ஒன்றைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். உடம்புக்கு முடியவில்லையா என்று லிம் கேட்டார். அப்படியில்லை, காற்சட்டை இல்லை, இருந்ததைச் சகோதரர் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்று பதில் வந்தது. மாடிப்படிக்கு அடியில் படுக்க மட்டும் இடம் பிடித்து, அதற்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவரையும் அவர் பார்த்தார். இந்த மக்களுக்கு எப்படியாவது உதவியாகவேண்டும் என்ற உறுதி தமக்கு அங்கேதான் பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு பெரிய மனிதருக்கு ஒரு காற்சட்டை நினைவிலிருக்கிறது என்றால், அது உள்ளே தைத்திருக்கவேண்டும்.

கழகத்தின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 50,000 வீடுகள் கட்டவேண்டும் என்பது இலக்கு. ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று வரும். எஸ்ஐடி 32 ஆண்டுகளில் கட்டியதை இவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டுவார்களாம் என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அந்த அளவுக்கு ஆள்பலமும் பொருளும் கழகத்திடம் உண்டா என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு அறிக்கையை வெளியிடுவதற்குள் கழகம் பத்தாயிரம் வீடுகளைக் கட்டி முடித்துவிட்டது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதற்கு நமக்குச் சலிக்கவே இல்லை. ஒரு வேலை முடியுமா முடியாதா என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தால் முடியாது என்பதற்கு நம் சங்கத்திலேயே உதாரணங்கள் உண்டு, பெயர் வேண்டாம்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. துல்லியமான புள்ளிவிவரம் சேகரித்து, பெரிய திட்டம் தீட்டி, அதன்பின் தொடங்குவோம் என்று காத்திருக்கவில்லை. தேவை மலைபோல இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, தோராயக் கணக்கு போதும், கட்டத் தொடங்கு என்றார். ஓரறை, ஈரறை, மூவறை என்று சில மாதிரிகளை வகுத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பக் கட்டினார்கள். கழகம் வரைந்து கொடுத்தது, தனியார் குத்தகைக்காரர்கள் கட்டினார்கள். தொழிலாளி பேருந்தில் வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில், நகரத்திலிருந்து பெரும்பாலும் ஐந்து மைலுக்குள் இடம் பார்த்தார்கள். குவீன்ஸ்டவுன், மெக்பர்சன், செயின்ட் மைக்கல்ஸ், பிறகு தோ பாயோ. நிர்வாகத்தில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் கழகத்தின் முதல் தலைமை நிர்வாக அதிகாரி ஹாவ் யூன் சோங். அவர் பெயரையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையாகாது.

அடுத்து நடந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் நாள் மறக்காமல் சொல்வார்கள். காரணம், அன்று ஹஜ்ஜுப் பெருநாள்.

1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள். பெருநாள் தொழுகை முடிந்து, வீடுகளில் சாப்பாடும் முடிந்து, உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் நேரம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தியோங் பாரு பக்கத்துக் கம்பத்தில் தீப் பற்றியது. அத்தாப்பு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. காற்றும் பலமாக இருந்தது. தீ சாலையைத் தாண்டி புக்கிட் ஹோ சுவீக்குள் புகுந்தது. இரவு அடங்கும்போது நாலு பேர் உயிரிழந்திருந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்து நின்றார்கள். அந்தக் கம்பத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஆனால் புகை தஞ்சோங் பகாரிலிருந்தும் தெரிந்தது. பெருநாள் உடையோடு ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் லிம் கிம் சானின் அவசரத்துக்கு அர்த்தம் விளங்கியது. அந்த ஓராண்டுக்கு மேல் கழகம் சும்மா இருந்திருந்தால், பள்ளிக்கூட வகுப்பறைகளில் கிடந்த பதினாறாயிரம் பேருக்குக் காட்ட ஒரு கதவும் இருந்திராது. ஆனால் பிற வட்டாரங்களில் முடிந்த வீடுகள், முடியப்போகும் வீடுகள் கையிலிருந்தன. அவற்றில் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். எரிந்த நிலத்திலேயும் உடனே கட்டத் தொடங்கினார்கள். ஓராண்டுக்குள் தீயில் வீடிழந்தவர்களுக்கு மாற்று வீடு கிடைத்துவிட்டது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குடிசைகள் நிறைந்த நிலத்துக்கு விலை குறைவு; தீ வந்து எல்லாரையும் விரட்டிவிட்டால் அதே நிலம் காலிமனையாகி விலை ஏறிவிடும். ஏழைகளின் வீடு எரிந்ததால் நில உரிமையாளருக்கு இலாபமா? அப்படி ஆகாமல், தீப்பட்ட நிலத்தைக் குடியிருப்போர் இருந்தபோது இருந்த மதிப்புக்கே அரசு எடுத்துக்கொள்ளும்படி சட்டம் திருத்தப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இதை எதிர்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. வியாபாரியாகிய நாமும் சொத்துரிமையை மதிப்பவர்கள்தாம். ஆனால் அடுத்தவன் வீடு எரிந்ததில் வரும் இலாபம் ஹலாலான இலாபமா என்று கேட்டால் நமக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்காது.

கழகம் தொடங்கி மூன்றாண்டு முடிவதற்குள் 21,000 வீடுகள் எழுந்தன. 1965இல் எண்ணிக்கை 54,000ஐத் தொட்டது. ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் விளக்கு. கதவைச் சாத்தினால் வீடு முழுதும் தம்முடையது என்பது நம் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த வீடுகளில் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். ஓரறை வீடுகள் மிகச் சிறியவை. நெடிய நடைபாதையின் இருபுறமும் கதவுகள், வெளிச்சம் குறைவு, பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பத்துக்குக் கால் நீட்ட இடமில்லை. அவசரத்துக்குக் கட்டியவை அவசரத்துக்குக் கட்டியவைபோலவே இருந்தன. பின்னாளில் அவற்றில் பல இடிக்கப்பட்டன. முதலில் எண்ணிக்கை, தரம் பிறகு என்று அவர் முடிவெடுத்தது சரிதானா என்று இப்போது நான்கறை வீட்டில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விவாதிக்கலாம். மாடிப்படிக்கு அடியில் படுத்திருந்தவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

1963இல் அவர் தேர்தலில் நின்று கேர்ன்ஹில் தொகுதியில் வென்று, தேசிய வளர்ச்சி அமைச்சரானார். 1964 பிப்ரவரியில் வீட்டு உடைமைத் திட்டம் வந்தது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. வாடகைக்கு இருந்தவர் சொந்தக்காரர் ஆகலாம். 1968இல் மத்திய சேம நிதியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கட்டலாம் என்று வழி செய்தபிறகுதான் மக்கள் கூட்டம் கூட்டமாக வாங்க முன்வந்தார்கள்.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை இந்த இடம்தான் கதையின் திருப்பம். அதுவரை நம்மவர்களுக்கு வீடு என்றால் ஊர் வீடுதான். இங்கே சம்பாதிப்பது, அங்கே அனுப்புவது, அங்கே கல் வீடு கட்டுவது, வயதானபின் போய் அந்தத் திண்ணையில் உட்காருவது. இங்கே இருப்பதெல்லாம் தற்காலிகம். கழக வீட்டை வாங்கவேண்டுமானால் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கவேண்டும். ஆகவே வீடு வாங்கும் கேள்வி வீட்டோடு நிற்கவில்லை. நாம் யார், நம் பிள்ளைகள் எங்கே வாழப்போகிறார்கள் என்ற கேள்வியாகிவிட்டது. குடும்பத்துக்குள்ளேயே இதில் மனத்தாங்கல் வந்ததுண்டு. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடு திரும்பிப் போனார், தம்பி இங்கே பதிந்துகொண்டு மூவறை வீடு எடுத்தார் என்பது போன்ற கதைகள் நம் உறுப்பினர் குடும்பங்களில் ஒன்றிரண்டு அல்ல. கடன் வட்டி விஷயத்தில் மனம் ஒப்பாமல் ஆயுள் முழுதும் வாடகை வீட்டிலேயே இருந்துவிட்ட பெரியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வயது பற்றாது.

இழந்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தஞ்சோங் பகாரில் நம் மக்கள் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தார்கள். ஒரு வீட்டில் மௌத் என்றால் கால்மணி நேரத்தில் ஜமாஅத்தே திரண்டுவிடும். கல்யாணம் என்றால் தேக்சாவும் அகப்பையும் தெருவுக்குள்ளேயே கைமாறும். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போவார்கள். 1960களில் டக்ஸ்டன் பிளெய்னில் கட்டிய இரண்டு புளோக்குகள் போன்றவற்றில் இடம் கிடைத்த சிலர் அங்கேயே தங்கினார்கள். மற்றவர்கள் குவீன்ஸ்டவுன், தோ பாயோ, பிறகு பிடோக், அங் மோ கியோ என்று திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். உமறுப் புலவர் பள்ளியில் மாணவர் குறைந்தனர். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதும் ஒரு காரணம், குடும்பங்கள் தூரம் போனதும் ஒரு காரணம். 1982இல் அது மூடப்பட்டது. அந்த இரண்டு டக்ஸ்டன் புளோக்குகளும் இப்போது இல்லை. அதே இடத்தில் ஐம்பது மாடிக் கட்டடங்கள் ஏழு நிற்கின்றன.

பள்ளிவாசல் விஷயத்திலும் இப்படித்தான். கம்பங்கள் போனபோது அங்கிருந்த சிறு சூராவ்களும் போயின. புது நகரங்களில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள், தொழ இடமில்லை. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கி, மாதம் ஐம்பது காசு ஒவ்வொரு முஸ்லிம் தொழிலாளியின் மத்திய சேம நிதி வழியாகப் பிடிக்க ஏற்பாடானது. அந்தப் பணத்தில் முதலில் எழுந்தது தோ பாயோவில் 1977இல் திறந்த முஹாஜிரீன் பள்ளிவாசல். இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்பது அதன் பொருள். பெயர் வைத்தவர்கள் யாரோ, மக்கள் மனமறிந்து வைத்திருக்கிறார்கள். நம்முடையதைப்போன்ற சங்கங்களுக்கும் அந்தக் காலத்தில்தான் உண்மையான வேலை வந்தது. ஒரே தெருவில் இருந்தவரை சங்கம் இல்லாமலே காரியம் நடந்தது. பிரிந்த பிறகுதான் பெருநாள் ஒன்றுகூடலுக்குச் சுற்றறிக்கையும், ஜனாஸா உதவிக்குத் தொலைபேசிப் பட்டியலும், பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்கு வட்டாரப் பொறுப்பாளரும் தேவைப்பட்டார்கள். கழகம் நம்மைப் பிரித்தது, அதனாலேயே நாம் சங்கமாக இறுகினோம் என்று சொன்னால் மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் பதிவேடுகளில் உறுப்பினர் சேர்ந்த தேதிகளைப் பார்த்தபின் நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

லிம் கிம் சானின் பிற்காலப் பணிகளை விரித்தால் இம்மலர் முழுதும் வேண்டும். 1965இல் மலேசியாவிலிருந்து பிரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிங்கப்பூர் அமைச்சர்களில் அவரும் ஒருவர். நிதி, உள்துறை மற்றும் தற்காப்பு, கல்வி, சுற்றுப்புறம் என்று பல அமைச்சுகளைப் பார்த்தார். 1970களில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவர். 1979 முதல் 1994 வரை துறைமுக ஆணையத்தின் தலைவர். நம் பாட்டனார்கள் மூட்டை தூக்கிய அதே தஞ்சோங் பகார் துறைமுகம் உலகின் முன்னணிக் கொள்கலன் துறைமுகங்களில் ஒன்றானது அவர் காலத்தில். 1988 முதல் 2002 வரை சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்சின் தலைவர். நம் தமிழ் முரசு அந்நிறுவனத்தின் குடைக்கீழ் வந்த 1995ஆம் ஆண்டும் அதற்குள் அடங்கும். அதிபரின் ஆலோசகர் மன்றத்துக்கும் தலைமை தாங்கினார். எண்பது வயதைத் தாண்டியும் பொறுப்பில் இருந்த மனிதர்.

நாட்டின் உயரிய விருதான தெமாசெக் விருது 1962இலேயே அவரைத் தேடி வந்தது. 1965இல் பிலிப்பீன்ஸ் நாட்டின் ரமோன் மக்சேசே விருது சமூகத் தலைமைக்காக அவருக்கு வழங்கப்பட்டது. சிங்கப்பூர் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்குத் தக்க வீட்டைத் தாங்கக்கூடிய விலையில் அமைத்துத் தந்தார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இப்போது அந்த ஐந்தில் ஒன்று ஐந்தில் நான்காகிவிட்டது. அன்னார் 2006ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், 89ஆம் வயதில் காலமானார்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம். எல்லாவற்றையும் தனி மனிதர் ஒருவர் கணக்கில் எழுதுவது வரலாறு ஆகாது. நிலத்தை எடுக்கச் சட்டமும், பணம் ஒதுக்க நிதியமைச்சும், பின்வாங்காத பிரதமரும் இல்லாவிட்டால் ஜவ்வரிசி வியாபாரியால் 54,000 வீடு கட்டியிருக்கமுடியாது. சாரம் கட்டிய, கல் சுமந்த தொழிலாளர்களின் பெயர்கள் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. அவர்களில் சிவப்புத் துணி தலையில் கட்டிய சம்சுயிப் பெண்களை நம் பெரியவர்கள் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். இருந்தாலும், வசதியான ஒரு வியாபாரி தன் நாற்பத்து மூன்றாம் வயதில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஏழைகளின் வீட்டு வேலையைக் கையில் எடுத்தார் என்பது எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தி நடந்தது அல்ல.

சங்கத்தின் ஆவணப் பெட்டிக்காக நாம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். 1960களின் வாடகைப் பற்றுச்சீட்டு, கழகத்தின் சாவி ஒப்படைப்புக் கடிதம், பழைய வீட்டைக் காலி செய்யச்சொல்லி வந்த அறிவிப்பு, புது வீட்டு வாசலில் எடுத்த படம் என்று எது இருந்தாலும் செயலாளரிடம் கொடுங்கள். படியெடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம். படத்தின் பின்பக்கம் யார் யார் நிற்கிறார்கள், எந்த புளோக் என்று பென்சிலால் எழுதித் தந்தால் பெரிய உதவி. எழுத முடியாத பெரியவர்கள் சொல்லி அனுப்பினால் போதும், ஒரு சனிக்கிழமை மாலை நாமே வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.